டர்போ தேய்கிறதா? ஆயில் பரிசோதனை அறிக்கையை அறிகுறி பார்த்துப் படிக்கும் முறை

மேட்டில் இழுவை குறைகிறது. சைலன்சரில் நீலப் புகை. ஆயில் மட்டம் வாரத்துக்கு ஒரு லிட்டர் இறங்குகிறது. வண்டி பட்டறைக்குள் நுழைந்ததுமே "அண்ணா, டர்போ போய்விட்டது" என்று தீர்ப்பு வந்துவிடும். டர்போ என்பது புகையின் வேகத்தில் சுற்றி என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி. பல சமயம் அந்தத் தீர்ப்பு சரியாகவும் இருக்கும். ஆனால் புது டர்போ போட்டு ஆறே மாதத்தில் அதுவும் போனால், முதல் டர்போ ஏன் போனது என்று யாரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். அதைக் கண்டுபிடிக்கச் செலவு குறைந்த வழி ஒன்று இருக்கிறது: சம்ப்பில் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) கிடக்கும் ஆயிலில் நூறு மில்லி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது.

நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் லாரி வைத்திருப்பவர்களையும், திருச்செங்கோட்டிலிருந்து வெளிமாநிலங்களுக்குப் போகும் ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிக்காரர்களையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். முறை புதிதல்ல. அமெரிக்க ரயில்வே நிறுவனங்கள் 1940களிலேயே டீசல் ரயில் என்ஜின்களின் ஆயிலை நிறமாலைக் கருவியில் வைத்து, எந்தப் பாகம் தேய்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டன. நம் ஊரில் அறிக்கை வாங்குபவர்கள்கூட "நார்மல்", "எச்சரிக்கை" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

முதலில் ஒரு கணக்கு

25 லிட்டர் ஆயில் கொள்ளும் லாரி என்ஜினை எடுத்துக்கொள்வோம். அந்த ஆயிலின் எடை ஏறக்குறைய 22 கிலோ. அறிக்கையில் வரும் பி.பி.எம். என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே 1 பி.பி.எம். செம்பு என்றால் அத்தனை ஆயிலிலும் சேர்த்து 22 மில்லிகிராம் செம்பு இருக்கிறது.

டர்போவின் ஷாஃப்ட் (சுழல் தண்டு) இரண்டு சிறிய வெண்கலப் புஷ்களில் (உருளை வளையங்களில்) மிதந்து சுற்றுகிறது. அவை விரல் மோதிர அளவுதான். வெளி விட்டம் 18 மில்லிமீட்டர், உள் விட்டம் 11, நீளம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு புஷ்களும் உள்ளும் புறமும் முழுப் பரப்பிலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தேய்ந்தால் உதிரும் உலோகம் 160 மில்லிகிராம். அத்தனையும் ஒரே ஆயில் மாற்றுக்குள் உதிர்ந்தாலும் ஏறுவது 7 பி.பி.எம்.தான். நான்கு ஆயில் மாற்றுகளில் பரவி உதிர்ந்தால் ஒவ்வொரு அறிக்கையிலும் 2 பி.பி.எம்.கூட ஏறாது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று அளவில் சுற்றும் ஷாஃப்டுக்கு அந்த நூறில் ஒரு பங்கு பெரிய தேய்மானம். அறிக்கைக்கோ அது ஒரு சின்னச் சலனம்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வகத்தின் நிறமாலைக் கருவி ஏறக்குறைய 5 முதல் 8 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களை மட்டுமே ஒழுங்காக எண்ணும். புஷ் பிய்ந்து செதில் செதிலாக வந்தால் கருவிக்கு அது தெரியாது.

அதனால் அறிக்கையில் டர்போவின் பெயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். தூசி, கரி, கூலன்ட் (ரேடியேட்டர் திரவம்), டீசல் என்று டர்போவைத் தின்பவை எல்லாம் அதே ஆயிலில்தான் வருகின்றன. அவற்றை அறிக்கை தெளிவாகக் காட்டும். டர்போ தேய்ந்ததா என்பதை ஷாஃப்டைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏன் தேய்ந்தது என்பதை அறிக்கையில் பாருங்கள்.

மாதிரி எடுப்பதில் கவனம்

ஓடி நின்ற சூட்டோடு எடுங்கள். ஆறிய என்ஜினில் கனமான துகள்கள் அடியில் தங்கிவிடும். டிப்ஸ்டிக் குழாய் வழியாகப் புது பிளாஸ்டிக் குழாயும் கைப்பம்பும் வைத்து உறிஞ்சலாம். குழாய் சம்ப்பின் அடியைத் தொடக் கூடாது. வடிகால் போல்ட்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டுமென்றால் முதலில் வருவதை விட்டுவிட்டு, நடு ஓட்டத்தில் சுத்தமான புட்டியைப் பிடியுங்கள். பழைய தண்ணீர் பாட்டில் வேண்டாம். அதில் மிச்சமிருக்கும் உப்புகூட சோடியமாக அறிக்கையில் ஏறிவிடும்.

புட்டியோடு நான்கு விவரங்கள் போக வேண்டும்: வண்டி ஓடிய மொத்த கிலோமீட்டர் அல்லது மணி, இந்த ஆயில் ஓடிய கிலோமீட்டர் அல்லது மணி, இடையில் ஊற்றிய ஆயில் எத்தனை லிட்டர், ஆயிலின் பெயரும் தரமும். அதே ஆயிலில் பயன்படுத்தாத மாதிரி ஒன்றையும் ஒரே ஒரு முறை அனுப்பி வையுங்கள். அது இல்லாவிட்டால் ஆயிலோடு வந்த சேர்க்கைப் பொருள் எது, வெளியிலிருந்து நுழைந்தது எது என்று பிரிக்க முடியாது.

அறிகுறி: செம்பு திடீரென்று ஏறியிருக்கிறது

டர்போ புஷ் வெண்கலம், வெண்கலம் என்றால் செம்பு, ஆகவே டர்போ போய்விட்டது என்று முடிவுகட்டுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். என்ஜினுக்குள் செம்பு இருக்கும் இடங்கள் பல. செம்போடு கூட வருவது எது என்பதில்தான் விடை இருக்கிறது.

செம்பு மட்டும் ஏறி, ஈயம், வெள்ளீயம், இரும்பு எல்லாம் பழைய இடத்திலேயே நின்றால், ஆயில் கூலரைச் சந்தேகியுங்கள். புது என்ஜினிலும் புதிதாக மாற்றிய கூலரிலும் ஆயிலின் சேர்க்கைப் பொருள்கள் செம்புப் பரப்போடு வினைபுரிந்து செம்பைக் கரைத்தெடுக்கும். எண் நூறைத் தாண்டுவதும் உண்டு. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது தேய்மானம் அல்ல. அடுத்தடுத்த ஆயில் மாற்றுகளில் பரப்பின்மேல் படலம் படிந்து எண் தானாக இறங்கிவிடும். ஆயில் வகையை மாற்றியவுடனும் இப்படி ஏறலாம். இந்த ஒரு காரணத்துக்காக நல்ல டர்போவைக் கழற்றிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செம்போடு சோடியமோ பொட்டாசியமோ ஏறினால் கூலருக்குள் கசிந்து கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. அதைப் பிறகு தனியாகப் பார்ப்போம்.

செம்பும் ஈயமும் வெள்ளீயமும் ஒன்றாக ஏறினால் ஏதோ ஒரு பேரிங் நிச்சயமாகத் தேய்கிறது. மெயின் பேரிங், கனெக்டிங் ராட் பேரிங் என்றால் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் முதலில் ஏறும், ஏனென்றால் பல பேரிங்குகளில் மேல் பூச்சு அதுதான். பூச்சு போன பிறகுதான் அடியிலுள்ள செம்பு வெளிப்படும். வெண்கலப் புஷ்களில் செம்பு முன்னால் நிற்கும், ஈயமும் வெள்ளீயமும் சிறிய அளவில் பின்தொடரும். ஆனால் வெண்கலப் புஷ் டர்போவில் மட்டும் இல்லை. பிஸ்டன் பின்னைத் தாங்கும் சிறு முனைப் புஷ்ஷும் ராக்கர் புஷ்ஷும் வெண்கலமே. புஷ் வெண்கலத்துக்குப் பதிலாகப் பித்தளையாக இருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது: பித்தளையின் துத்தநாகம், ஆயிலிலேயே ஆயிரம் பி.பி.எம். அளவில் இருக்கும் தேய்மானத் தடுப்புத் துத்தநாகத்துக்குள் தடம் தெரியாமல் மறைந்துவிடும்.

அதனால் ஒரே ஓர் அறிக்கையை வைத்து எதையும் அறுதியாகச் சொல்லாதீர்கள். மூன்று ஆயில் மாற்றுகளாக செம்பு 6, 7, 9 என்று வந்து நான்காவதில் 24. ஈயம் 3, 3, 4 என்று வந்து இப்போது 9. இரும்பில் பெரிய மாற்றம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு வரிசை வந்தால் நான் முதலில் டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றுவேன். காரணம், தேடும் இடங்களில் அதுதான் எளிது. கால் மணி நேர வேலை. டர்போவில் ஷாஃப்ட் சரியாக இருந்தால் அடுத்து சம்ப்பை இறக்கிப் பேரிங் பார்ப்பதைத் தவிர வழியில்லை. மேலேயுள்ள கணக்கை நினைவில் வையுங்கள்: 15 பி.பி.எம். ஏற்றம் முழுவதும் டர்போ புஷ்களிலிருந்து வந்தது என்றால் அவை பலமாகத் தேய்ந்திருக்க வேண்டும், அந்த ஆட்டம் கைக்கே தெரிய வேண்டும். கைக்குத் தெரியவில்லை என்றால் செம்பு வேறு இடத்திலிருந்து வருகிறது.

எண்களை ஒப்பிடும்போது ஆயில் ஓடிய தூரத்தையும் கணக்கில் எடுங்கள். 10,000 கிலோமீட்டரில் 8 என்பதும் 20,000 கிலோமீட்டரில் 16 என்பதும் ஒரே வேகத் தேய்மானம்தான்.

அறிகுறி: சிலிக்கானும் அலுமினியமும் சேர்ந்து ஏறுகின்றன

டர்போவின் முதல் எதிரி இதுதான் என்பேன். மண்ணும் பாறைத் தூசியும் சிலிக்கானும் அலுமினியமும் கலந்தவை. சிலிக்கான் அலுமினியத்தைப்போல மூன்று நான்கு மடங்கு என்ற விகிதத்தில் இரண்டும் கைகோத்து ஏறினால் தூசி உள்ளே போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விகிதம் ஊர் மண்ணுக்குத் தகுந்தபடி மாறும். அலுமினியம் அதைவிட அதிகமாக இருந்தால் பிஸ்டனும் தேயத் தொடங்கிவிட்டது. சிலிக்கான் மட்டும் தனியாக ஏறினால் பெரும்பாலும் தூசி அல்ல. அண்மையில் பட்டறையில் தடவிய சிலிக்கோன் கேஸ்கெட் பசை ஆயிலில் கரைகிறது.

தூசி நுழையும் வழியை மற்ற உலோகங்கள் காட்டிக்கொடுக்கும். காற்று வழியாக நுழைந்தால் முதலில் லைனரையும் (சிலிண்டரின் உட்சுவர்) பிஸ்டன் ரிங்கையும் அறுக்கும், எனவே இரும்பும் குரோமியமும் கூடவே ஏறும். இரும்பும் குரோமியமும் அமைதியாக இருந்து ஈயமும் செம்பும் ஏறினால் தூசி நேராக ஆயிலில் விழுந்திருக்கிறது: திறந்து கிடந்த கேன், தூசி படிந்த புனல், சரியாக மூடாத ஆயில் மூடி. இந்தத் தூசி ரிங் பக்கமே போகாமல் சம்ப்பிலிருந்து பேரிங்குகளுக்கும் டர்போவுக்கும் பயணப்படுகிறது.

ஒரு ரிக் வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன். கம்ப்ரசர் என்ஜினில் ஒரே வருடத்தில் இரண்டு டர்போ. உரிமையாளர் போலி உதிரிபாகம் மாட்டிவிட்டார்கள் என்று கொதித்துக்கொண்டிருந்தார். துளையிடும்போது அந்த என்ஜின் கருங்கல் தூசி மேகத்துக்குள் மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடுகிறது. ஏர் ஃபில்டர் புதிதாகத்தான் இருந்தது. அறிக்கையில் சிலிக்கான் 48, அலுமினியம் 14, குரோமியமும் ஏறியிருந்தது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்தோம். துணி செம்மண் நிறத்தில் வந்தது. குழாயின் அடிப்பக்க வளைவில், கிளாம்ப் மறைக்கும் இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. மேலிருந்து பார்த்தால் தெரியாது. அந்தக் குழாய்தான் இரண்டு டர்போக்களையும் கொன்றிருக்கிறது, லைனரையும் அரைத்துக்கொண்டிருந்தது.

இந்த வெள்ளைத் துணிச் சோதனையை நீங்களும் செய்யுங்கள். ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உட்புறம் துடைத்தால் தூசி வரவே கூடாது. ஏர் ஃபில்டரை மூச்சுக்கு மூச்சு கழற்றித் தட்டி மாட்டுவதும் தவறு. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் சுத்தமான பக்கத்தில் கொஞ்சம் தூசி விழுகிறது. காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது தாள் மடிப்பு கிழிந்தால் அந்த ஃபில்டர் இருந்தும் இல்லாததுதான்.

டர்போவுக்குப் பிறகு இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) பக்கம் குழாய் வெடித்தால் கதை வேறு. அங்கே உள்ளே இருப்பது அழுத்தம், எனவே சுமையில் காற்று வெளியேறுமே தவிர தூசி உள்ளே வராது. இழுவை குறையும், கரும்புகை வரும், டர்போ இழந்த காற்றை ஈடுகட்ட அளவுக்கு மீறிச் சுற்றும். அறிக்கையில் சிலிக்கான் ஏறாது, கரி ஏறும்.

அறிகுறி: ஆயில் தடித்திருக்கிறது, கரி கூடியிருக்கிறது

15டபிள்யூ-40 ஆயில் என்றால் 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை (ஆயிலின் தடிப்பைக் காட்டும் அளவு) 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக்குக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போய், கரியும் 3 சதவீதத்தைத் தாண்டினால் பொதுவாக எச்சரிக்கை மணி அடிக்க வேண்டிய நேரம். தடித்த ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது டர்போவுக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். அந்தச் சில விநாடிகளில் ஷாஃப்ட் உலர்ந்து சுற்றுகிறது.

இங்கே காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்தும். டர்போ சோர்ந்தால் காற்று குறைகிறது, காற்று குறைந்தால் கரி கூடுகிறது, கரி கூடிய ஆயில் டர்போவை மேலும் தேய்க்கிறது. எது முதலில் வந்தது என்று கண்டுபிடிக்க பூஸ்ட் அழுத்தத்தை (டர்போ தரும் காற்றின் அழுத்தத்தை) அளவியில் பாருங்கள். பூஸ்ட் சரியாக இருந்தும் கரி ஏறினால் இன்ஜெக்டர், அடைத்த ஃபில்டர், மணிக்கணக்கில் ஐடிலில் நிறுத்தி வைப்பது ஆகியவற்றைப் பாருங்கள். பூஸ்ட் குறைந்திருந்தால் குழாய்க் கசிவை அடைத்த பிறகே டர்போவைக் குறை சொல்லுங்கள்.

கரி அதிகமில்லாமல் ஆயில் தடித்து, ஆக்சிஜனேற்ற எண் ஏறி, கார எண் (அமிலத்தை முறிக்கும் திறன்) புது ஆயிலில் இருந்ததில் பாதிக்கும் கீழே போயிருந்தால் ஆயில் வெந்திருக்கிறது. மாற்றும் இடைவெளி நீண்டுவிட்டது அல்லது என்ஜின் சூடேறுகிறது. டர்போவைப் பொறுத்தவரை இதில் ஒரு மறைவிடம் இருக்கிறது. மேடு ஏறி வந்த வேகத்தில் ஓட்டலில் நிறுத்திச் சாவியைத் திருப்பிவிட்டால் டர்போவுக்கு ஆயில் நின்றுவிடும். டர்பைன் பக்கத்துச் சூடு அப்படியே பேரிங்குக்கு இறங்கி, அங்கே தேங்கிய ஆயிலைக் கரியாகச் சுட்டுவிடும். 25 லிட்டரில் அந்த ஒரு கரண்டி ஆயில் எங்கே தெரியப்போகிறது? அறிக்கை சுத்தமாகவே வரும். டர்போவிலிருந்து இறங்கும் வடிகால் குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். கெட்டியான கரி தட்டுப்பட்டால் பழக்கத்தை மாற்ற வேண்டும்: நிறுத்துவதற்கு முன் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓட விடுங்கள்.

அறிக்கை வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் வடிதாளில் சூடான ஆயில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். கரி நடுவிலிருந்து விளிம்புவரை மெல்ல மங்கிப் பரவினால் ஆயில் இன்னும் கரியைச் சுமக்கிறது. நடுவில் கன்னங்கரேல் என்று வட்டம் கட்டி, சுற்றிலும் வெளிறிய வளையம் விட்டால் சுமக்கும் திறன் முடிந்துவிட்டது.

அறிகுறி: ஆயில் இளகியிருக்கிறது

பாகுநிலை 12.5-க்குக் கீழே போனால் பெரும்பாலும் டீசல் கலக்கிறது. இன்ஜெக்டர் கசிவு, அதன் அடிவளையம், பம்ப் சீல் என்று தேடுங்கள். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) என்ஜின்களில் சிலவற்றில், புகைவடிகட்டியைச் சுட்டுச் சுத்தம் செய்வதற்காகச் சிலிண்டருக்குள் தாமதமாகத் தெளிக்கும் டீசலும் லைனர் வழியே ஆயிலில் இறங்கும். மெலிந்த ஆயிலில் டர்போ புஷ்ஷின் படலம் அறுந்துபோகும்.

ஒரு பொறி இருக்கிறது. கரி தடிக்க வைக்கும், டீசல் இளக்கும். இரண்டும் சேர்ந்தால் பாகுநிலை அப்பழுக்கில்லாமல் நடுவில் வந்து நிற்கும். எனவே பாகுநிலை சரி என்று பார்த்ததோடு நிறுத்தாமல் கரி சதவீதத்தையும் டீசல் சதவீதத்தையும் தனித்தனியாகப் படியுங்கள்.

அறிகுறி: சோடியம், பொட்டாசியம் ஏறியிருக்கின்றன

கூலன்டில் உள்ள துருத்தடுப்புப் பொருள்களின் கையொப்பம் இது. சூடான என்ஜினில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், உப்புகள் தங்கிவிடும். அதனால் தண்ணீர் இல்லை என்று அறிக்கை சொன்னாலும் சோடியத்தை நம்புங்கள். கூலன்ட் கலந்த ஆயில் கூழாகி ஃபில்டரை அடைக்கும், பேரிங்கை அரிக்கும். டர்போவை மாற்றுவதற்கு முன் இதை நிறுத்தியாக வேண்டும். ஆயில் கூலரையும் ஹெட் கேஸ்கெட்டையும் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்துங்கள்.

ஆனால் பொட்டாசியமும் அலுமினியமும் மட்டும் சேர்ந்து ஏறி, சோடியம் ஏறாமல், ரேடியேட்டர் மட்டமும் குறையாமல் இருந்தால், இன்டர்கூலர் புதிதா என்று கேளுங்கள். அலுமினிய இன்டர்கூலரைப் பற்றவைக்கும் பொருளில் இவை இரண்டும் இருக்கின்றன. புதிதில் கொஞ்சம் கழன்று காற்றோடு வந்து ஆயிலில் சேரும். சில ஆயில் மாற்றுகளில் அடங்கிவிடும். சில ஆயில்களில் சோடியமே சேர்க்கைப் பொருளாக இருப்பதும் உண்டு. புது ஆயில் மாதிரியை அனுப்பி வைக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

அறிகுறி: நீலப் புகை வருகிறது, அறிக்கையில் ஒன்றுமில்லை

பாவம், அதிகம் தவறாகப் பழி சுமப்பது இந்த டர்போதான். டர்போவின் இரு முனையிலும் ஆயிலை அடைப்பது ரப்பர் சீல் அல்ல; பிஸ்டன் ரிங் போன்ற மெல்லிய வளையம். ஆயில் உள்ளே இறங்கி, புவியீர்ப்பில் வடிகால் குழாய் வழியே சம்ப்புக்குப் போய்விட வேண்டும். வடிகால் தடைபட்டால் எவ்வளவு நல்ல வளையமும் ஆயிலைத் தடுக்காது.

ஆகவே உலோக எண்கள் அமைதியாக இருக்கும்போது இவற்றைப் பாருங்கள்: வடிகால் குழாய் நசுங்கியிருக்கிறதா, கரி அடைத்திருக்கிறதா, பிரீதர் (என்ஜின் உள்வாயு வெளியேறும் குழாய்) அடைத்து கிராங்க் கேஸில் அழுத்தம் கூடியிருக்கிறதா, ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றி வடிகால் வாய் மூழ்கியிருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்து டர்போவின் காற்றுப் பக்கம் ஆயிலை உறிஞ்சுகிறதா. ஆயில் மூடியைத் திறந்தால் புகை பொங்கிக்கொண்டு வருகிறது, அறிக்கையில் இரும்பும் குரோமியமும் ஏறியிருக்கின்றன என்றால் ரிங் தேய்ந்து சிலிண்டர் வாயு கீழே இறங்குகிறது. அங்கே எந்த டர்போவைப் போட்டாலும் அதுவும் ஆயில் கக்கும்.

அமைதியான எண்களையும் ஒரு முறை சந்தேகியுங்கள். ஆயில் போகப் போகப் புது ஆயில் ஊற்றினால் உலோகத்தின் அடர்த்தி குறைந்துகொண்டே வரும். 25 லிட்டர் என்ஜினில் ஒரு மாற்றுக்குள் சிறிது சிறிதாக 25 லிட்டர் ஊற்றியிருந்தால், 30 காட்ட வேண்டிய எண் 19 அளவில்தான் காட்டும். ஊற்றிய லிட்டரைக் குறித்து வைக்கச் சொன்னது இதற்காக.

நீலப் புகை கனத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் என்ஜின் வேகம் ஏறினால் உடனே கவனியுங்கள். டர்போ கக்கும் ஆயிலையே எரிபொருளாக்கி என்ஜின் கட்டுப்பாடு இல்லாமல் ஓடத் தொடங்கலாம். டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது. உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்துக் கிளட்சை விட்டு அணைக்கலாம். கம்ப்ரசர் என்ஜினில் காற்று வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்கவே கூடாது, உள்ளே இழுத்துவிடும்.

அறிகுறி: ஊளைச் சத்தம் வருகிறது, அறிக்கை நல்லபடி இருக்கிறது

பெரிய துகள்கள் கருவிக்குத் தெரியாது என்று சொன்னேன். பழைய ஆயில் ஃபில்டரை வெட்டி, தாளை விரித்து வெயிலில் பாருங்கள். பொன்னிறச் செதில்கள் மின்னினால் புஷ் பிய்கிறது. காந்தத்தில் ஒட்டுபவை இரும்பு. ஆய்வகத்தில் காந்தத் துகள் அளவீடான பி.க்யூ. எண்ணையும் கேட்டு வாங்கலாம், இரும்பு பி.பி.எம். குறைவாகவும் பி.க்யூ. அதிகமாகவும் இருந்தால் பெரிய துண்டுகள் உதிர்கின்றன.

காற்றுச் சக்கரத்தின் அலுமினிய இதழ் உறையில் உரசினால் அந்த அலுமினியம் ஆயிலுக்கு வராது, இன்டர்கூலருக்குப் போகும். டர்பைன் சக்கரத்தின் நிக்கலும் சைலன்சர் வழியே போய்விடும். இந்தச் சேதங்களுக்கு அறிக்கையைப் புரட்டிப் பயனில்லை.

ஷாஃப்டைத் தொட்டுப் பார்த்தல்

என்ஜின் அணைந்து ஆறியிருக்க வேண்டும். காற்றுக் குழாயைக் கழற்றி இதழ்களின் நுனியையும் உறையின் உட்சுவரையும் பாருங்கள். உரசல் கோடு இருந்தால் வேறு சோதனை தேவையில்லை. இல்லாவிட்டால் ஷாஃப்டை விரலால் சுற்றுங்கள், மேலும் கீழும் ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடத்தான் செய்யும். மிதக்கும் புஷ்ஷுக்கு ஆயில் படலம் நிற்க இடம் வேண்டும் அல்லவா? ஆடுகிறது என்பதற்காக நல்ல டர்போவைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு பக்கம் அழுத்திக்கொண்டு சுற்றும்போது இதழ் உறையைத் தொட்டால்தான் அது முடிந்தது. முன்னும் பின்னுமான ஆட்டம் வேறு. அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவிலேயே இருக்க வேண்டும், விரலுக்குத் தெளிவாகத் தெரிந்தாலே சந்தேகம். டயல் கேஜ் வைத்து அளந்து, அந்த டர்போவைச் செய்தவர்கள் தரும் வரம்போடு ஒப்பிடுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

அறிக்கை காட்டிய காரணத்தை முதலில் சரிசெய்யுங்கள். இன்டர்கூலரைக் கழற்றி உள்ளே தேங்கிய ஆயிலையும் அலுமினியத் துணுக்குகளையும் கழுவுங்கள். ஆயில் ஊட்டும் குழாய் பழையதென்றால் புதிதாகப் போடுங்கள், உள்ளே கரி ஒட்டியிருக்கும். ஆயில் இணைப்புகளில் சிலிக்கோன் பசை தடவவே வேண்டாம். பிதுங்கிய துண்டு டர்போவின் ஆயில் துளையை அடைத்துவிடும். டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றிக் கையால் சுற்றிவிட்டு, என்ஜின் பற்றாதபடி ஸ்டார்ட்டரால் சுழற்றி, வடிகாலில் ஆயில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகு வடிகால் குழாயை மாட்டுங்கள். முதல் சில நிமிடம் ஐடிலிலேயே ஓடட்டும்.

அடுத்த மாதிரியை வழக்கமான இடைவெளிக்குக் காத்திராமல், அதில் பாதித் தூரத்திலேயே எடுங்கள். பழைய ஆயில் முழுவதும் வடிவதில்லை. குழாய்களிலும் கூலரிலும் கொஞ்சம் தங்கி, பழைய சிலிக்கானையும் செம்பையும் புது ஆயிலுக்குக் கொண்டு வரும். புது புஷ் படிந்து அமையும்போது சிறிதளவு செம்பும் வரலாம். அதற்கடுத்த மாதிரியில் இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். சிலிக்கான் இறங்காமல் நின்றால் வெள்ளைத் துணியோடு மீண்டும் அந்த ரப்பர் குழாய்க்குப் போங்கள். டர்போ மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் புட்டியின் மேல் மறக்காமல் எழுதுங்கள். அது தெரியாவிட்டால் ஆய்வகத்தில் இருப்பவர் பழைய டர்போ விட்டுச்சென்ற செம்பைப் புது டர்போவின் கணக்கில் எழுதிவிடுவார்.